கெப் வாங்க முன்னுக்கு ஒயில் மூடியைத் திறங்க

பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியோரம் ஒரு அரை மணித்தியாலம் சும்மா நின்று பாருங்கள். கடுகண்ணாவை ஏற்றம் ஏறி வருகிற வாகனங்களில் எத்தனை கெப் என்று எண்ணினால் விரல் போதாது. சீமெந்து, கோழித்தீவனம், உரமூட்டை, கல்யாண வீட்டுக் கதிரை எல்லாம் கெப்பில்தான் போகும். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகவேண்டிய ஆளும் சில நேரம் அதிலேதான். தோட்டத்து ரோட்டில் கார் அடிபடும், லொறி திரும்பாது. கெப்தான் போய் வரும்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன், தம்பி, சித்தி மகள். மூவரும் சேர்ந்து பழைய டபுள் கெப் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓடலாம் என்று முடிவெடுத்தோம். முற்பணம் பெரியம்மாவின் ஈ.பி.எப் காசு. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு அவர் கையில் வாங்கிய தொகை. மீதி லீசிங். அதனால் "வண்டி பாக்க நல்லாயிருக்கு, எடுப்போம்" என்று சொல்ல எங்களால் முடியவில்லை. எஞ்சின் போனால் பெரியம்மாவின் முப்பது வருசமும் சேர்ந்து போகும், லீசிங் தவணை மட்டும் மாசா மாசம் வந்து நிற்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் அஞ்சு வருசம் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. பத்து, பதினஞ்சு வருசப் பழைய கெப்புக்கும் நினைத்துப் பார்க்க முடியாத விலை. அந்த விலைக்கு நாம் வாங்குவது உண்மையில் என்ன? பெயின்ட் அடிக்கலாம், சீட் கவர் மாற்றலாம், மீற்றரையும் குறைக்கலாம். எஞ்சினுக்குள்ளே நடந்ததை மட்டும் அப்படி லேசில் மறைக்க முடியாது. ஆகவே முதலில் எஞ்சினைப் படிப்போம் என்று உட்கார்ந்தோம்.

எங்கள் பட்ஜெட்டுக்குள் கண்ணில் பட்டதெல்லாம் அநேகமாக 2005க்குப் பிறகு வந்த டொயோட்டா ஹைலக்ஸ், அதாவது ஊரில் 'வீகோ' என்கிற வண்டி. அதில் இரண்டு டீசல் எஞ்சின் உண்டு. சின்னது 2கேடி, 2,494 சீசீ. பெரியது 1கேடி, 2,982 சீசீ. ஃபோர் வீலில் எது எந்த எஞ்சின் என்று அறிய பொனட்டைத் திறக்கவும் தேவையில்லை. மொடல் இலக்கம் கேயூஎன்25 என்று தொடங்கினால் சின்னது, கேயூஎன்26 என்றால் பெரியது.

பெரியதின் கணக்கைப் பாருங்கள். வரிசையாக நாலு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டம் 96 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 103 மில்லிமீற்றர். பதினாறு வால்வு. காற்றை 17.9 மடங்கு நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்று கொதித்துப்போய் இருக்கும், அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றும், ஸ்பார்க் பிளக் வேண்டியதில்லை. பீய்ச்சுகிற அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வலு ஆரம்ப வீகோவில் 163 குதிரைத்திறன், முறுக்குவிசை 343 நியூட்டன் மீற்றர்.

குதிரைத்திறனை விட இந்த முறுக்குவிசைதான் மலைநாட்டுக்காரர் பார்க்கவேண்டிய எண். ஒரு மீற்றர் நீளக் கம்பியின் நுனியில் 35 கிலோ தொங்கவிட்டால் மறுமுனையில் என்ன முறுக்கு வருமோ, ஏறத்தாழ அதுதான் 343 நியூட்டன் மீற்றர். ரெண்டு பேர் ஒரு நாள் முழுக்கப் பறித்த கொழுந்து அந்த நுனியில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இழுவை 1,400 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. றம்பொடை வளைவில் லோட்டோடு நின்று திரும்ப எடுக்கும்போது எஞ்சினை அலறவிடத் தேவையில்லாதது இதனால்தான்.

டேர்போ இல்லாவிட்டால் இது நடக்காது. பிலிமத்தலாவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். கம்பளை, புசல்லாவை தாண்டி நுவரெலியா போனால் 1,900 மீற்றரை நெருங்கும். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறத்தாழ அஞ்சில் நாலு பங்குதான். காற்றுக் குறைந்தால் எரிவது குறையும், இழுவையும் குறையும். டேர்போ வெளியே போகிற புகையின் வேகத்தாலேயே சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. நிமிசத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சுழலக்கூடிய சாமான் அது. அதன் அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான்.

இவ்வளவும் தாளில் இருக்கிறது. தாளில் இல்லாததை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் வீதியோரக் கராஜ் ஒன்றின் பாஸ். பேர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

"தம்பிமாரே, தங்கச்சி, இந்த எஞ்சின் லேசுல சாகாது. ஆனா ஒரு செம்பு வோஷர் கவனிக்காம விட்டா செத்துரும்" என்றார்.

விசயம் இதுதான். ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஹெட்டில் உட்காரும் இடத்தில், அடியில் ஒரு சின்னச் செம்பு வளையம் இருக்கிறது. எரியும் வாயு மேலே ஏறாமல் அடைப்பது அதன் வேலை. நாளாக அது இறுக்கம் விட்டால் கரியோடு கூடிய வாயு இன்ஜெக்டரைச் சுற்றி மேலே கசிந்து ஹெட் மூடிக்குள் வருகிறது. அங்கே ஓடுகிற ஒயிலில் கரி கலக்கிறது. ஒயில் தார் மாதிரித் தடிக்கிறது. அந்தத் தார் கீழே இறங்கி, சம்பிலிருந்து ஒயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள சல்லடையை அடைக்கிறது. அதற்குப் பிறகு ஒயில் மேலே போகாது. டேர்போ காயும், பெயாரிங் காயும், கடைசியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மீற்றரில் ஒயில் விளக்கு எரியும்போது பல நேரம் காரியம் முடிந்திருக்கும். இந்த எஞ்சின் ஓடும் நாடுகள் எல்லாவற்றிலும் மெக்கானிக்மாருக்குத் தெரிந்த நோய் இது. வைத்தியமும் தெரிந்ததுதான். வளையங்களை நேரத்துக்கு மாற்றவேண்டும், சந்தேகம் வந்தால் சம்பைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்கவேண்டும்.

மற்ற நோய்களையும் பாஸ் வரிசையாகச் சொன்னார். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும். பல சந்தைகளில் மாற்றவேண்டிய தூரம் வந்ததும் மாற்றச் சொல்லி டேஷ்போர்ட்டில் விளக்கு வரும். ஆனால் அந்த விளக்கை ரீசெட் பண்ணி அணைத்துவிடலாம். ஆகவே விளக்கு எரியவில்லை என்பது பெல்ட் மாற்றியதற்குச் சாட்சி இல்லை, பில்தான் சாட்சி. டீசல் பம்பில் உள்ள கட்டுப்பாட்டு வால்வு தேய்ந்தாலோ அழுக்குப் பிடித்தாலோ ஐட்லிங் ஏறி இறங்கும், திடீரென நின்றும் போகும். 2022 வரிசைக் காலத்தில் கேனிலும் பரலிலும் சேர்த்துவைத்த டீசல் குடித்த வண்டிகளில் பில்டரையும் டேங்கையும் கட்டாயம் பார்க்கச் சொன்னார். புகையைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈஜிஆர் வழியில் கரி படிந்து காற்று வரும் பாதை குறுகும். வண்டி இழுக்காது, கறுப்பாகப் புகைக்கும், வருசாந்தப் புகைப் பரிசோதனையில் தடுமாறும்.

"அப்ப வேற கம்பனி எடுத்தா?" என்று கேட்டோம். சிரித்தார். மிட்சுபிஷி எல்200இல் நீண்ட காலம் வந்த 4டி56 எஞ்சினை உதாரணம் காட்டினார். 2,476 சீசீ, எண்பதுகளிலிருந்து உலகம் முழுக்க ஓடிய எஞ்சின். அதில் டைமிங் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே பேலன்ஸ் தண்டுக்கு இன்னொரு சின்ன பெல்ட் உண்டு. அந்தச் சின்னது அறுந்து பெரியதற்குள் சிக்கினால் ரொக்கர் ஆர்ம்கள் முறியும். பழையவற்றில் சூடேறினால் ஹெட் வெடிக்கும் பயமும் இருக்கிறது. 2015இல் கேடிக்குப் பதிலாக டொயோட்டா கொண்டுவந்த ஜீடி எஞ்சினில் பெல்ட் இல்லை, செயின். ஆனால் அது எங்கள் பட்ஜெட்டில் இல்லை. நோயில்லாத எஞ்சின் கிடையாது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. எந்த எஞ்சினுக்கு எந்த நோய் என்று தெரிந்துகொண்டு போனால் அதைத் தேடிப் பார்க்கலாம்.

தேடினோம். விற்பவருக்கு முதல் நாளே போன் போட்டு, "நாங்க வர முன்னுக்கு ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்று சொன்னோம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். முதலில் பார்த்த வண்டி நாங்கள் போகும்போதே பொனட் சுட்டது. ரெண்டாவது வண்டிக்காரர் மரியாதையானவர், டீ எல்லாம் தந்தார், ஆனால் ஒயில் மூடியைத் திறக்க வேண்டாம் என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். மூன்றாவதில் ஸ்டார்ட் பண்ணும்போது 'சக் சக்' என்று வாயு கசியும் சத்தம் இல்லை. ஒயில் விளக்கு உடனே அணைந்தது. டீசல் எஞ்சின் ஒயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுக்கும், அதில் பயமில்லை. கட்டி கட்டியாகத் தார் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மூடியின் உட்பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தோம், இல்லை. சம்பைக் கழற்றிப் பார்க்கும் கூலியை நாங்கள் தருவதாகச் சொன்னதும் உரிமையாளர் ஒத்துக்கொண்டார். சல்லடை சுத்தமாக இருந்தது. அந்த வண்டியைத்தான் எடுத்தோம். எடுத்த கையோடு பெல்ட்டையும் நாலு இன்ஜெக்டரின் வளையங்களையும் மாற்றினோம்.

பெரியம்மா ஒரு நாள் கேட்டார், "இவ்வளவு நாள் எங்கட ஆம்பிளைங்க வண்டி வாங்கினப்ப இதையெல்லாம் யாருப்பா பாத்தா?" எங்களிடம் பதில் இல்லை. தோட்டங்களிலிருந்து எத்தனையோ பேர் டிரைவராக, கிளீனராகப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு இது எல்லாம் தெரியும். ஆனால் அந்த அறிவு கராஜ் வாசலிலேயே நின்றுவிட்டது. காசு போடுகிற அம்மாமார், லீசிங்கில் பிணைக் கையெழுத்துப் போடுகிற அக்காமார் காதுக்கு அது வரவேயில்லை. எங்கள் வீட்டில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் மாற்றிய ஒயில், ஏறத்தாழ ஏழு லீற்றர், அதன் பில், பில்டர், டீசல் அடித்த இடம் எல்லாவற்றையும் சித்தி மகள் அதில் எழுதுகிறாள். ஏற்றம் ஏறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல் ரெண்டு நிமிசம் ஐட்லிங்கில் விடவேண்டும், டேர்போ ஆறும் என்பது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது கெப் பார்க்கப் போவதாக இருந்தால் ஒரு டோர்ச்சும் பழைய துணியும் கொண்டுபோங்கள். காசு யாருடையதோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒயில் மூடியைத் திறக்க விடாத ஆளிடம் விலை பேசவேண்டாம்.