கோய் தொட்டிக்கு முதல் ஒன்றரை மாதம்

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கேண்ணா, மீன் எப்ப விடலாம்?" தொட்டி நிரம்பிய அன்றே எல்லா வீட்டுக்காரர்களும் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கோவையிலும் சென்னைப் புறநகரிலும் வீட்டுத் தோட்டங்களில் கோய் தொட்டி கட்டிக் கொடுப்பது என் தொழில். குழி வெட்டிப் பூசுவதைவிட இதற்குப் பதில் சொல்வதுதான் எனக்குச் சிரமம்.

புதுத் தண்ணீரில் இல்லாதது பாக்டீரியா. மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியே தள்ளும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்பவை. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். ஃபில்டரில் இந்த பாக்டீரியா போதுமான அளவு ஒட்டி வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா ஓரளவு உதவலாம். அதை ஊற்றிய மறுநாளே சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் இருபது மீன் வாங்கி வந்து விட்டால் பாட்டில் காப்பாற்றாது. நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டரிலிருந்து எடுத்த ஒரு துண்டு அழுக்குப் பஞ்சைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 35 சதவீதம் புரதமுள்ள தீனி 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். 5,000 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருந்து, பிஹெச் 7 என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. அதே சூட்டில் பிஹெச் 8.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு நச்சு. அதே மீன், அதே தீனி. ஒரு வீட்டில் பிழைக்கிறது, அடுத்த தெருவில் மிதக்கிறது. காரணம் புரியாமல் மீன் விற்றவரைத் திட்டுவார்கள். புது சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து பிஹெச் 10ஐக்கூடத் தாண்டும். நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். டெஸ்ட் கிட் சரி என்று காட்டும்வரை இதுதான் வேலை.

ஊருக்கு ஊர் தண்ணீரின் குணமும் மாறும். சென்னைப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினம். அங்கே பிஹெச் ஏறுவதுதான் என் கவலை. கோவையின் சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். தொட்டிக்கு வந்தால் வேறு சிக்கல். பாக்டீரியா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, சுண்ணாம்புக் கணக்கில் ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மையைத் தின்றுவிடும். காரத்தன்மை குறைந்த தண்ணீரில் அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்து, பிஹெச் சட்டென்று சரியும். பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். அதனால் கோவைத் தொட்டிகளுக்கு என் பையில் ஆப்ப சோடா எப்போதும் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றுவேன். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரினை முறித்த பிறகுதான் தொட்டிக்குள் விட வேண்டும். அது செவுளையும் எரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும்.

அம்மோனியா இறங்கத் தொடங்கியதும் வீட்டுக்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். அப்போதுதான் நைட்ரைட் ஏறும். மீனின் ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஏர் பம்ப் ஓடினாலும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு போட்டால், அதிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் விடாமல் தடுக்கும். வேறு மருந்தைத் தேடிக் கடைகடையாக அலைய வேண்டியதில்லை. தொட்டியில் செடி வைத்திருந்தால் மட்டும் யோசித்துப் போட வேண்டும்.

இதற்கிடையே தண்ணீர் பச்சையாகும். உடனே எனக்கு போன் வரும். பச்சைத் தண்ணீரைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. பாசியும் அம்மோனியாவை உறிஞ்சத்தான் செய்கிறது. கோய் பிறந்த ஜப்பானின் நீகாத்தா மலைப்பகுதியில் வளர்ப்பவர்கள் கோடையில் மீனை விடுவதே அடி தெரியாத மண்குளங்களில்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பாசியும் இரவில் ஆக்சிஜனைத் தின்னும். 30 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். விடியற்காலையில் கரண்ட் போனால் மீன் தாங்காது. ஏர் பம்பை இன்வெர்ட்டரில் கொடுக்காமல் நான் எந்த வீட்டையும் விட்டு வருவதில்லை. பச்சை பிடிக்காதவர்கள் யூவி விளக்கு போட்டுக்கொள்ளட்டும். தொட்டியை வடித்துத் தேய்த்து, ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவி வைப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும். சேர்ந்த பாக்டீரியா அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும். முதல் வாரத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஃபில்டரைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும்.

முதலில் மூன்று நான்கு சின்ன மீன்கள். தீனி ஒரு சிட்டிகை. அம்மோனியாவோ நைட்ரைட்டோ காட்டும் நாளில் அதுவும் வேண்டாம். அப்பா அம்மா இதைக் கேட்டுக்கொள்வார்கள், குழந்தைகளும் கேட்டுக்கொள்வார்கள். தாத்தா பாட்டி இருக்கும் வீடுதான் கஷ்டம்: "வாயைத் திறந்துட்டு வருதே, பட்டினி போடலாமா?" கோய்க்கு எப்போதும் பசிதான், நல்ல கோய் ஒரு வாரம் தீனியில்லாமல் சாதாரணமாக இருக்கும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மோட்டார் ஓடுகிறதா என்று காலையிலும் மாலையிலும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டப்பாவை உங்கள் பீரோவிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள்.