கரையில் நிற்கும் படகு

அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் ஊரூர் ஒல்காட் குப்பம். எல்லையம்மன் காவலில் உள்ள இத்தகைய ஊரில், காற்றும் நீரோட்டமும் வாய்த்திருந்தும் ஒருவர் வாரக்கணக்கில் தொழிலுக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அக்கம்பக்கத்தார் சோம்பல் என்பர், குடி என்பர், செய்வினை என்றும் சொல்வர். வீட்டிலிருக்கும் எட்டு வயதுக் குழந்தையோ தானாகவே வேறு காரணம் கண்டுவிடுகிறது: ‘நான் புதுப் பை கேட்டேன்; அதனால்தான் நைனா இப்படி ஆகிவிட்டார்.’

மயிலாப்பூர் மாடவீதிக் குழந்தையும் இப்படித்தான் எண்ணும். பெரியவர்கள் வாய் திறக்காத வீட்டில் பழியைக் குழந்தை தன் தலையிலேயே ஏற்றிக்கொள்கிறது.

அதை இறக்கிவைக்க ஆயாவால் முடியும். “நைனாவுக்கு வந்திருக்கறது வியாதி, பேரு மனச்சோர்வு. உன்னால வந்ததில்ல. டாக்டரு பாக்குறாரு. சரியாக நாளாகும், உன்னப் பாத்துக்க நான் இருக்கேன்.” இவ்வளவு போதும். கடல் கலங்கினால் கரையில் நிற்பவர்மேல் பழியில்லை என்பதை மீனவக் குழந்தைக்கு விளக்க வேண்டியதில்லை.

‘நாளைக்கே எழுந்துவிடுவார்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்கலாகாது. மருந்தின் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். அதை அறியாத குழந்தை, அம்மனைச் சுற்றிவந்த மறுநாளும் தந்தை படுத்திருக்கக் கண்டு, அம்மன் தன்மேல் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும். வேண்டுதலும் நடக்கட்டும், மாத்திரையும் தவறாதிருக்கட்டும்.

கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். மாவீரன் கையிலிருந்து காண்டீபம் நழுவுகிறது; உடல் நடுங்குகிறது; வாய் உலர்கிறது. மனத்தளர்ச்சியை விட்டு எழு என்று பகவான் கடிந்தே சொன்னார். அதற்குப் பின்னும் ‘போரிடேன்’ என்று சொல்லி மௌனமானான் பார்த்தன். பதினெட்டாம் அத்தியாயம் வரை உடனிருந்து பேச வேண்டியிருந்தது. அர்ஜுனனுக்கு வந்தது நோயன்று. ஆயினும் ‘எழுந்திரு’ என்று ஒருமுறை அதட்டியதோடு கடமை முடிந்ததென நினைக்கும் முதியோர், பேரனுக்கு இக்கதையைச் சொல்லும்போது தாமும் கேட்கலாம்.

தந்தைக்குக் காவலிருப்பது குழந்தையின் வேலையன்று. சாவதைப் பற்றி அவர் பேசினால், அதை மறைக்காமல் உடனே பெரியவரிடம் சொல்லும்படி பழக்க வேண்டும். பெரியவர் அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

‘அப்பா இப்படிக் கிடக்க உனக்கு ஆட்டம் கேட்கிறதா?’ என்று தடுக்கும் பாட்டிமாரும் உண்டு. மாலையில் மணலில் பந்து விளையாடக் குழந்தை போகட்டும். இருட்டுமுன் சோறு ஆக்கிவைத்து அழைத்தால் போதும்.