அகல லென்ஸும் கமலைத் தூணும்

தென்காசிப் பக்கத்திலிருந்த எங்கள் பூர்வீக வயலை விற்றுவிடுவது என்று தம்பியும் நானும் முடிவு செய்தபோது, எனக்கு முதலில் தோன்றியது கேமராவுக்கு ஒரு லென்ஸ் வாங்க வேண்டும் என்பதுதான். வீட்டில் சிரித்தார்கள். வயல், கிணறு, பனை வரிசை, பின்னால் குற்றால மலை, எல்லாம் ஒரே படத்தில் வேண்டும் என்று எனக்கு ஆசை. என்னிடம் இருந்த கேனான் 700டி-யோடு வந்த 18-55 லென்ஸில் கிணறு வந்தால் பனை வெட்டுப்படும். பின்னால் போய் எடுக்கலாம் என்றால் வாய்க்கால்.

சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் இரண்டு அகலக்கோண லென்ஸ்களைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒன்று டோக்கினா 11-16. எஃப் 2.8 என்பதால் குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கலாம். நட்சத்திரம் எடுப்பவர்களுக்கும் கல்யாண மண்டபத்தில் எடுப்பவர்களுக்கும் அருமையான சாமான். எடை அரைக் கிலோவுக்கு மேல். மற்றது கேனான் 10-18. எஃப் 4.5-தான், ஆனால் 240 கிராம். கடைப் பையன் பெரியதையே என் தலையில் கட்டப் பார்த்தான். நிலக்காட்சிக்கு எப்படியும் எஃப் 8, 11 என்று துவாரத்தைச் சுருக்கித்தானே எடுக்கப் போகிறேன்? 2.8-ஐ வாங்கிப் பீரோவில் பூட்டவா? 10-க்கும் 11-க்கும் ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். 54-க்கும் 55-க்கும் வித்தியாசம் தெரியாது. இந்தக் கோடியில் ஒரு மில்லிமீட்டர் நன்றாகவே தெரியும். என் கேமராவில் 18-இல் மூலைக்கு மூலை 74 டிகிரி பார்க்கும், 10-இல் 107 டிகிரி. சின்னதையே வாங்கினேன்.

சாரல் ஓய்ந்த ஒரு காலையில் வரப்பில் நின்று பத்திருபது படம் எடுத்துத் தள்ளினேன். எல்லாம் வந்திருந்தது. கூட இருந்த தம்பி மகன் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மலை எங்க பெரியப்பா?"

இருந்தது, ஒரு நீலக்கோடாக. பிறந்ததிலிருந்து எங்கள் வயலின் மேல் கவிழ்ந்து நிற்கிற மலை அது. போதாததற்கு மலைக்காகக் கேமராவை மேலே தூக்கிப் பிடித்ததில் பனைகளெல்லாம் உள்நோக்கிச் சாய்ந்து நின்றன. லென்ஸ் மேல் குற்றமில்லை. அகலம் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது சிறுத்துப்போகும், பக்கத்தில் இருப்பது பெருக்கும். மலைதான் வேண்டுமென்றால் அதற்குப் பழைய லென்ஸின் 55-ஏ போதும். வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம். 'எல்லாம் வேண்டும்' என்ற ஆசையில் யோசிக்கவில்லை.

அப்படியானால் பக்கத்தில் எதை வைப்பது? சுற்றிலும் பார்த்தேன். கிணற்றடியில் கமலை கட்டிய கல்தூண்கள் இரண்டும் அப்படியே நின்றன. பம்புசெட் வந்த பிறகு அவற்றை யாரும் கவனித்ததில்லை. எருமை முதுகு தேய்ப்பதோடு சரி. என் முழங்கால் மடங்க மறுத்தது. பையன் சாக்கு விரித்தான். ஒருவழியாக உட்கார்ந்து, தூணிலிருந்து இரண்டடியில் கேமராவை மட்டமாக வைத்தேன். எஃப் 8, மூன்றடியில் ஃபோகஸ். இந்த லென்ஸில் அது போதும், ஒன்றரை அடியிலிருந்து மலை வரை தெளிவாக விழும். போலரைசர் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டேன். இவ்வளவு அகலத்தில் அது வானத்தின் ஒரு பக்கத்தை மட்டும் கறுப்பாக்கிவிடுகிறது.

அந்தப் படத்திலும் மலை சின்னதுதான். ஆனால் தூணில் உளி கொத்திய தழும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. இரண்டு தூணுக்கும் நடுவே வயல், பனை வரிசை, அதற்கப்பால் நீலமாக மலை.

பத்திரம் முடிந்த மறுநாள் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தம்பியிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். மலையைப் பார்க்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "அண்ணே, அப்பா மாட்டப் பத்திக்கிட்டு நிக்கிற எடம்லா இது" என்றான்.