ஒரு மடல் குறைந்த நுரையீரலோடு... சானடோரியத்துக்கு ஒரு நிதானப் பயணம்!

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் தாம்பரத்தில் ஒரு கூட்டத்தை இறக்கி, இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பும். சில நிமிடங்களில் அடுத்த ஸ்டேஷன். மஞ்சள் பலகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதியிருக்கும். தினமும் இந்த வழியில் போகிற பலருக்கு குரோம்பேட்டை, பல்லாவரம் மாதிரி அதுவும் ஓர் ஊர்ப் பெயர். உண்மையில் அது ஒரு வைத்திய முறையின் பெயர். மருந்தே இல்லாத காலத்தில் காசநோயாளிகளைக் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்து, ஓய்வும் வெயிலும் நல்ல சாப்பாடும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட இடங்களுக்குத்தான் சானடோரியம் என்று பெயர்.

அந்த ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியாக இறங்குகிறார் 52 வயதுப் பெண் ஒருவர். மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். தையல் வேலை. கூடவே மருமகள், கையில் எக்ஸ்ரே கவர். அதிகாலையிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பியாகிவிட்டது. தூரம் அப்படியொன்றும் அதிகமில்லை. ஆனால், செங்கல்பட்டு ஸ்டேஷனில் படி ஏறுவதற்கு மட்டுமே மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் வேண்டும் அவருக்கு. பத்துப் படி ஏறுவார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மறுபடி பத்துப் படி. பின்னால் வருகிறவர்கள் 'உச்' கொட்டிவிட்டு விலகிப் போவார்கள்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்கக்கா, ஓரமா நின்னா என்ன?" என்று அன்றைக்கும் ஓர் இளைஞர் கேட்டுவிட்டுப் போனார். அவர் பதில் சொல்லவில்லை. கோபத்தால் அல்ல. படி ஏறும்போது அவரால் பேச முடியாது. நடப்பது, பேசுவது இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் செய்ய முடியும்.

இருபதுகளில் அவருக்கு டிபி வந்தது. மாத்திரைகளை ஒழுங்காக முடித்தார், குணமாகிவிட்டது. கல்யாணம், குழந்தைகள், தையல் மெஷின் என்று வாழ்க்கை ஓடியது. ஆனால், கிருமி போன இடத்தில் நுரையீரலில் ஒரு பொந்து மிச்சமிருந்தது. பழைய டிபி விட்டுப்போகும் இந்த மாதிரிப் பொந்துகளில் சில சமயம் பூஞ்சை வளர்ந்து உருண்டையாகத் திரண்டுவிடும். பக்கத்து ரத்தக்குழாய்களை அது அரிக்க ஆரம்பித்தால், இருமலில் ரத்தம் வரும். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் ரவிக்கைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது அப்படித்தான் வந்தது. வேறொரு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டு. அவருக்கு வலது மேல் மடல் எடுக்கப்பட்டுவிட்டது.

எடுத்த மடல் திரும்ப வளராது. மிச்சமிருக்கும் மடல்கள் விரிந்து காலி இடத்தை ஓரளவு நிரப்பும், அவ்வளவுதான். அவருக்கு அந்த மடல்களிலும் பழைய நோயின் தழும்புகள் உண்டு. அதனால் ரத்தம் நின்றது, உயிர் தப்பியது, மூச்சு மட்டும் குறைவாகவே நின்றுவிட்டது. ஊரில் இதைப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. பாதிப் பேர் 'இன்னும் டிபி இருக்கு போல' என்று தள்ளி உட்காருகிறார்கள். மீதிப் பேர் 'அதான் ஆபரேஷன் ஆகிடுச்சே' என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொல்கிறார்கள்.

ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனைக்குள் நுழைந்ததும் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் கொஞ்சம் பின்வாங்குகிறது. இதைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திய தமிழர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் உடல்நலம் குன்றியபோது அங்கே அவரிடம் சிகிச்சைக்காகத் தங்கியிருக்கிறார். அந்த டாக்டர்தான் ஊர் திரும்பி, 1928-ல் தாம்பரத்துக்கு அருகே சுமார் 250 ஏக்கரில் இந்த சானடோரியத்தை ஆரம்பித்தார். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்று இதன் பெயர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. எச்.ஐ.வி. என்றாலே ஊர் ஒதுக்கிய நாட்களில், அந்த நோயாளிகளுக்குக் கதவைத் திறந்துவைத்திருந்ததும் இதே இடம்தான்.

சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கும் சென்னைக்கும் சம்பந்தம் உண்டு. 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. காசநோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் ஓய்வு, சத்தான உணவு, மருந்து. இன்னொரு பிரிவினருக்கு நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்து அதே மருந்து. 1959-ல் முடிவு வெளியானபோது உலகமே கவனித்தது. இரண்டு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன். மருந்து ஒழுங்காகப் போனால் போதும், வீட்டைவிட்டுப் பிரிய வேண்டியதில்லை என்று ஆனது. மெல்ல மெல்ல சானடோரியம் என்ற ஏற்பாடே தேவையற்றுப் போனது. இங்கே மட்டும் ரயில்வே பலகையில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாத்திரை வந்த பிறகு இந்த இடம் காலியாகியிருக்க வேண்டும் என்று தோன்றலாம். வெளிநோயாளிகள் வரிசையைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். பீடி பிடித்து மூச்சுக்குழாய் சுருங்கிய தாத்தா, ஆஸ்துமா குழந்தை, மாஸ்க்கோடு புது டிபி நோயாளி... இவர்களோடு, நோய் முடிந்தும் மூச்சு முடியாதவர்கள். வேப்பமர நிழலில் நின்று பார்த்தால், நடையை வைத்தே இந்தக் கடைசி வகையினரை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். யாரும் வேகமாக நடப்பதில்லை. நின்று நின்று போகிறவரைப் பார்த்து யாரும் 'உச்' கொட்டுவதும் இல்லை.

"இங்க வந்தா மட்டும்தாம்மா அத்தை வெக்கப்படாம நிப்பாங்க" என்கிறார் மருமகள், பக்கத்தில் இருந்த பெண்மணியிடம்.

இன்றைக்கு அவருக்கு நடைப் பரிசோதனை. நீளமான வராந்தா, இரண்டு முனையிலும் அடையாளம், ஓரமாக ஒரு நாற்காலி. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்க வேண்டும். நிற்கலாம், சாய்ந்துகொள்ளலாம். ஆனால், கடிகாரம் நிற்காது. விரலில் ஆக்ஸிஜன் மானி. உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டியது, நடக்க நடக்க 90-க்கு இறங்குகிறது. "மூணு நிமிஷம் ஆச்சும்மா, நல்லா நடக்குறீங்க" என்கிறார் பரிசோதிப்பவர். போன தடவை 312 மீட்டர். இந்தத் தடவை 340. பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கியதுபோல அதை மருமகளிடம் விரல்விட்டுக் காட்டுகிறார், பேச மூச்சில்லாமல்.

இந்த 28 மீட்டர் சும்மா வந்ததில்லை. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விளக்கை அணைக்காமல் ஊதுவதுபோல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விட வேண்டும். மூச்சுக்குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் உள்ளே தேங்கிய காற்று வெளியேற இது உதவும். காலையும் மாலையும் இந்தப் பயிற்சி, பிறகு தெருமுனைவரை நடை. வீட்டிலும் சில மாற்றங்கள். மிளகாய் தாளிக்கும்போது அவர் கொல்லைப்புறம் போய்விடுவார். கொசுவத்திக்குப் பதில் வலை. போகிப் பண்டிகை அன்று ஜன்னல்கள் சாத்தியிருக்கும். தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று. கூர்ந்து பார்த்தால், ஒரு குடும்பமே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருப்பது தெரியும்.

டாக்டரிடம் அவர் கேட்க வந்தது வேறு. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு வருடா வருடம் போனவர் அவர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். ஆபரேஷனுக்குப் பிறகு ஏறவே இல்லை. இந்தச் சித்திரையில் ஆறு வயதுப் பேத்தி முதல்முறை ஏறப் போகிறாள். "நானும் போகலாங்களா டாக்டர்?"

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்க்கிறார். "மேல வரைக்கும் இப்ப வேணாம்மா. வெயிலுக்கு முன்னாடி போய், மெதுவா கொஞ்சம் ஏறிப் பாருங்க. படபடன்னு வந்தா, மூச்சு வாங்கினா உட்கார்ந்துடணும். அதுக்கு மேல ஏறக் கூடாது. அடுத்த தடவை வரும்போது எத்தனை படின்னு சொல்லுங்க."

அவர் முகம் வாடியது நிஜம். வெளியே வந்து மர நிழல் பெஞ்சில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே சொன்னார்: "முப்பது படி ஏறுவேன். அங்க உட்கார்ந்துக்கிறேன். நீங்க போய்ட்டு வாங்க. இறங்கி வந்ததும் எல்லாரும் சேர்ந்து தாழக்கோயிலுக்குப் போவோம்." மலையடிவாரத்திலேயே பக்தவத்சலேஸ்வரர் இருக்கிறார், திரிபுரசுந்தரி அம்மன் இருக்கிறாள். அங்கே மலை ஏற வேண்டியதில்லை.

திரும்பும்போது சானடோரியம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு ரயில் வந்து நின்றது. வாசலில் தொங்கும் கூட்டம். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வேணாம் அத்தை" என்றார். நெரிசலில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நிற்க அவரால் முடியாது. ரயில் போனது. அடுத்ததற்கு நேரம் இருக்கிறது.

நடைமேடையில் காலி பெஞ்சைத் தேடி இருவரும் நடக்கும்போது செல்போன் அடித்தது. பேத்தி. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, உதட்டைக் குவித்து நான்கைந்து முறை மூச்சு விட்டார். பிறகு அவரே போன் போட்டார்.

"சொல்லுடா கண்ணு... ஆயா இப்ப உட்கார்ந்துட்டேன்."