கேஷ் என்பது நம் காசுதானா?

ஹைதராபாத் கொண்டாப்பூரில் தமிழர்கள் நாலு பேர் கூடினால் மொழிப்பேச்சு வராமல் போகாது. அப்படி ஒரு பேச்சில், “இங்கிலீஷ்ல இருக்கிற கேஷே நம்ம காசுதான்” என்றார் நண்பர். பள்ளி நாளிலிருந்து கேட்டுவரும் செய்திதான். ஆதாரத்தைத் தேடிப் பார்த்துவிடத் தோன்றியது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ‘கேஷ்’ ஒரு சொல் அல்ல, இரண்டு. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

முதலாவது, கடைகளில் “கேஷா, யுபிஐயா?” என்று கேட்கிறார்களே, அது. இதன் வேர் லத்தீன். பிடித்தல், கொள்ளுதல் என்று பொருள்படும் ‘காபெரே’ என்ற வினையிலிருந்து ‘காப்ஸா’ வந்தது. காப்ஸா என்றால் பெட்டி. ரோமானியர்கள் சுருள் ஏடுகளை எடுத்துச்சென்ற உருளைப் பேழைக்கும் அதுவே பெயர். இத்தாலியில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’ என்றாகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பணப்பெட்டியையே குறித்தது. பிறகு பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவந்தது. நம் இலக்கணம் ஆகுபெயர் என்று சொல்வது இதைத்தான். சூட்கேஸில் உள்ள கேஸ், மருந்துக் கேப்ஸ்யூல், கேஷியர் எல்லாம் இந்தக் குடும்பமே.

நாணயத்தைக் குறிக்கும் இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளிலேயே காசு இருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி. காசுமாலையைத் தெலுங்கர்கள் ‘காசுல பேரு’ என்கிறார்கள். கொண்டாப்பூர் நகைக்கடைகளிலும் அதே பெயர்தான். இந்தக் காசைப் போர்ச்சுகீசியர்கள் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘கைஷா’வைப் போலவே எழுதினார்கள். இரண்டு சொற்களும் குழம்பிய இடம் இதுதான். ஆங்கிலேயர் வாயில் அது கேஷ் ஆனது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இந்த வழித்தடம் பதிவாகியிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் வந்து அந்தக் கணக்கை மாற்றியது. திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். ‘கேஷ்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த செப்புக்காசுகள் 20ஆம் நூற்றாண்டிலும் புழங்கின. நடுவில் சதுரத் துளையுள்ள சீன நாணயத்துக்கும் ஐரோப்பியர் இதே பெயரைத்தான் வைத்தார்கள். உலகெங்கும் நாணயவியலார் இன்றும் அதைக் கேஷ் என்றே சொல்கிறார்கள்.

ஆகவே, நாணயத்தின் பெயரான கேஷ் தமிழ்; ரொக்கத்தின் பெயரான கேஷ் லத்தீன். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. எந்தக் காலத்தில், எந்த மொழி வழியாக, என்ன பொருளில் போனது என்று காட்ட வேண்டும். கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர் என்று அந்தச் சோதனையில் தேறி ஆங்கிலம் ஏறிய தமிழ்ச் சொற்கள் நமக்கு உண்டு. பிள்ளைகளுக்கு அவற்றை ஆதாரத்தோடு சொல்லிக்கொடுங்கள். தமிழுக்கு அதுவே பெருமை.