தப்பு காய்ச்சும் குழந்தை

நாடுகாணிப் பக்கம் என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது படம் வரைகிறாள். போன வாரம் ஒரு நீர்வண்ணப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். லைன் வீட்டு வாசல், மழை இருட்டு, சின்னதாக ஒரு தீ. குத்துக்காலிட்ட ஒரு குழந்தை வட்டமாக எதையோ தீப்பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறது.

தோழிகளிடம் காட்டினேன். ஒருத்தி "குளிர் காயுது" என்றாள், இன்னொருத்தி "அது முறமா?" என்றாள். படத்தின் பெயர் 'இசை' என்றதும் சிரித்தார்கள்.

அது தப்பு. சமவெளியில் பறை என்பார்கள். நம்ம ஊர் ஆனி, ஆடி மழையில் தோல் ஈரம் வாங்கித் தளர்ந்துவிடும். அடித்தால் தொப்பென்று கேட்கும். தீயில் காய்ச்சினால்தான் இறுகிக் கணீரென்று பேசும். ஆக, படத்தில் பாட்டு இன்னும் தொடங்கவில்லை, சுருதி சேர்கிறது. குழந்தையின் காலடியில் இரண்டு குச்சிகள், ஒன்று மெலிந்து நீண்டது, ஒன்று குட்டையாகத் தடித்தது. பார்த்தவள்தான் அப்படி வரைய முடியும்.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்காகவே இங்கே அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். இலங்கைத் தோட்டத்தில் விடியலில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டது தப்பு. காமன் கூத்துக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. அந்தச் சாவுதான் மற்றவர்களுக்கு நினைவில் நிற்கிறது. தப்பு தொங்கும் வீடு என்றால் சாதி தெரிந்துவிடும்.

'எங்கள் வீட்டுப் பொருள்கள்' என்று எழுதச் சொன்னால் இந்தப் பெண் குடை, பானை, ரேடியோ என்று வரிசையாக எழுதுவாள். சுவரில் தொங்கிய தப்பு மட்டும் வராது. ஒன்பது வயதிலேயே எதை எழுதக் கூடாது என்று தெரிந்திருந்தது.

நீர்வண்ணத்தில் பெரும்பாலும் வெள்ளை பூசமாட்டார்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். இந்தப் படத்தில் வானம், ஓடு, மண், குழந்தையின் சட்டை எல்லாம் மழையில் ஊறிய நீலமும் சாம்பலும்தான். தூரிகை படாத ஒரே இடம் தப்பின் தோல். கண் நேராக அங்கேதான் போய் நிற்கிறது.

"அந்தக் குழந்தை நீதானே?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர். தாத்தா அடிக்க விடமாட்டாங்க, பொம்பளப் புள்ளைன்னு. காய்ச்சிக் குடுக்க மட்டும்தான் விடுவாங்க."