காசித்தும்பை வெடிக்கும் மாதம்

ஜூலை, பாம்பார் சோலை

ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம். பழனி மலையில், வட்டக்கானல் பக்கம் வீட்டிலேயே படிக்கும் அண்ணனும் தங்கச்சியும் அம்மாவோடு சோலை ஓரத்தில் நிற்கிறார்கள். அவனுக்கு எட்டு வயது, அவளுக்கு ஐந்து. பரீட்சைக் கவலை இப்போதைக்கு இல்லை. 14 வயது ஆனபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதிக்கொள்ளலாம்.

பாதையில் காட்டெருமை. பேச்சை நிறுத்தி, வந்த வழியே திரும்பினார்கள். இங்கே வளரும் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

அக்டோபர், மழை விட்ட காலை

பாறைக் கசிவில் காட்டுக் காசித்தும்பை. பருத்த காயைத் தங்கச்சி தொட்டதும் பட்டென்று வெடித்தது. ஐந்து இதழ்களாகப் பிளந்த தோல் சுருண்டுகொள்ள, விதைகள் தெறித்தன. மெலிந்த காயைத் தொட்டாள்; ஒன்றும் நடக்கவில்லை. பழுத்தது எது, பிஞ்சு எது என்று விரலாலேயே பிரிக்கத் தொடங்கிவிட்டாள். அம்மா வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் பெரிய விஷயம். நம்மில் பலரும் அதற்குள் பெயரைச் சொல்லி, பாடத்தை முடித்திருப்போம்.

"எதுக்கும்மா தூரமா எறியுது?"

"அம்மாச் செடி நிழல்லயே விழுந்தா எப்படி வளரும்?" என்றான் அண்ணன்.

நவம்பர், வாட்டில் தோப்பு

தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் வாட்டில். பழனி மலையின் புல்வெளிகளை விழுங்கியதில் அதற்குப் பெரும் பங்கு. ஆனால் முதிர்ந்த தோப்பின் நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்திருப்பதை அண்ணன் கண்டுபிடித்தான். இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் குடியேறிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் தம்பதி சோலை மரங்களுக்கென நாற்றங்கால் வைத்துப் பல ஆண்டுகள் உழைத்த மண் இது. வாட்டிலை ஒரேயடியாக வெட்டினால் வெயில் பட்டு அதன் விதைகளே மறுபடி கிளம்பும். எட்டு வயதுக்காரனுக்கு இந்தச் சிக்கல் புரிகிறது. புரியாது என்று நினைப்பது பெரியவர்கள்தான்.

ஜனவரி, உறைபனி

ராத்திரி இரண்டு தட்டில் தண்ணீர் வைத்தார்கள்: ஒன்று பள்ளத்துப் புல்வெளியில், ஒன்று சோலைக்குள். காலையில் புல்வெளித் தட்டில் கண்ணாடிபோல் பனிக்கட்டி. சோலைத் தட்டில் தண்ணீர் தண்ணீராகவே. குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கும். மரக்கூரை தரையின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். திறந்த வெளியில் சோலைக் கன்று தலையெடுக்காததற்கு உறைபனியும் ஒரு காரணம். புல்லுக்கோ குருத்து மண்ணை ஒட்டி இருப்பதால், நுனி கருகினாலும் தளிர்க்கிறது.

"அப்ப வாட்டில் கன்னு மட்டும் எப்படிப் பிழைக்குது?"

அம்மா உலக வரைபடத்தை விரித்து, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மலைகளைக் காட்டினாள். அங்கும் உறைபனி விழும்.